ஒகாவாமாச்சியில் ஓர் ஏழாம் நம்பர்

டோக்கியோவுக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. உயரம் 6 அடி 1 அங்குலம். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை 38 அங்குலம். வலக்கை ஆட்டம். சென்னையில் நான் ஆடும் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக வேலை செய்யும் பத்தொன்பது வயதுத் தம்பியின் அளவு அது. காலில் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து, தையல்கார டேப் பிடித்து நானே எடுத்தேன்.

எங்கள் மைதானத்தில் திங்கட்கிழமை காலை கேடிகள் ஆடிக்கொள்ளலாம். மற்ற ஆறு நாளும் அடுத்தவர் பையைச் சுமப்பவர்கள் அன்று தங்கள் பையோடு வருவார்கள். தம்பியின் பையில் எட்டு கிளப்புகள், ஐந்து கம்பெனி. எல்லாம் உறுப்பினர்கள் வேண்டாமென்று கொடுத்தவை. அதில் ஏழாம் நம்பர் அயர்ன் யாரோ குள்ளமானவருக்காகக் கம்பியை வெட்டிக் குறைத்தது. இவன் அதைப் பிடிக்கக் கூன் போட்டு நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றும் பந்தை அவன் அடிக்கும் சத்தம், பத்து வருஷமாக ஆடும் எனக்கு இன்னும் கைவராத சத்தம். “சார், புதுசெல்லாம் வேணாம் சார். ஏழாம் நம்பர் ஒண்ணு மட்டும் நல்லதா கெடச்சா போதும்” என்றான். நல்ல ஃபோர்ஜ்டு அயர்ன் செட் நம் ஊரில் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். 2009-இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாகத் தொடங்கியவர். அவரை நினைத்துத் தம்பியிடம் “ஒண்ணு எதுக்கு, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் வேலை ஐந்து நாளில் முடிந்தது. அதன் பின் சில நாள் லீவு போட்டிருந்தேன்.

ஓச்சனோமிசு ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் கிடார் கடைகள்தான். சரிவில் கீழே நடந்தால் ஒரு பக்கம் ஜிம்போச்சோ, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். இன்னொரு பக்கம் கண்டா ஒகாவாமாச்சி, விளையாட்டுச் சாமான் கடைகளின் தெரு. பனிச்சறுக்குப் பலகை, மலையேறும் பூட்ஸ், கோல்ஃப். ஒரே சாமானுக்கு ஒரே தெருவில் இத்தனை கடை என்பது நமக்குப் புதிதல்ல. சென்னையில் ரிச்சி தெருவும் கோடவுன் தெருவும் பார்த்த கண்கள்தானே. ஆனால் இங்கே யாரும் கூப்பிடுவதில்லை, கையைப் பிடித்து இழுப்பதில்லை. படியேறிப் போனால் மரக்கன்றுகள் நட்டது போல வரிசை வரிசையாகக் கிளப்புகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. கம்பெனி, கம்பியின் எடை, விறைப்பு, நீளம், விலை, அதோடு நிலையைச் சொல்லும் ஓர் எழுத்து. ஏ என்றால் ஏறக்குறைய புதிது, இறங்க இறங்கத் தேய்மானம். கீறல் எங்கே, பெயின்ட் எங்கே போயிருக்கிறது என்பதும் சில அட்டைகளில் கையால் எழுதியிருந்தது. விற்கிறவரே குறையை எழுதி ஒட்டி வைத்து விற்கும் கடையில் நான் அதற்கு முன் சாமான் வாங்கியதில்லை.

முதல் நாள் வெறுமே பார்த்தேன். அடுத்த நாள் உயேனோ, அதற்கடுத்து நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரக் கடைகள். அங்கெல்லாம் மூலையில் பீப்பாய் மாதிரி ஒரு தொட்டி இருக்கும். செட்டிலிருந்து பிரிந்து வந்த தனிக் கிளப்புகள், வெட்ஜ், புட்டர் எல்லாம் அதில் குடை போலச் சொருகிக் கிடக்கும். 1,000 யென், 1,500 யென். நூறு யென்னுக்கு அறுபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அறுநூறு, தொள்ளாயிரம் ரூபாய். அந்தத் தொட்டியில் முழங்கை வரை விட்டுத் துழாவிய இரண்டு மணி நேரம் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம்.

இவ்வளவு நல்ல சாமான் இவ்வளவு மலிவாக எப்படி வருகிறது? 1957-இல் டோக்கியோ அருகே கசுமிகாசேக்கியில் கனடா கோப்பை நடந்தது. நாகாமுரா தொராகிச்சி, ஓனோ கோயிச்சி என்ற இரண்டு ஜப்பானியர், சாம் ஸ்னீட் ஆடிய அமெரிக்க அணியைத் தாண்டிக் கோப்பையை எடுத்தார்கள். போரில் தோற்ற நாடு அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே பிடித்த பைத்தியம் 1980-களின் பணவெள்ளத்தில் உச்சிக்குப் போனது. மெம்பர்ஷிப் சீட்டுகளைப் பங்குச்சந்தைப் பத்திரம் போல வாங்கி விற்றார்கள், மலைகளைச் சீவி மைதானம் போட்டார்கள். பணம் வடிந்த பிறகும் சுமார் 2,200 மைதானங்கள் மிஞ்சின. போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை பிறந்த பெருந்தலைமுறைதான் அன்று கம்பெனிச் செலவிலும் சொந்தச் செலவிலும் கோல்ஃப் ஆடியது. இன்று அவர்களுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எழுபது வயதுக்கு மேல் மைதானத்துக்கான வரியை அரசாங்கமே தள்ளுபடி செய்கிறது. முதுகும் முழங்காலும் அப்படித் தள்ளுபடி செய்வதில்லை. கிளப்புகள் கடைக்கு வருகின்றன. போதாததற்குக் கம்பெனிகள் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை புது மாடல் இறக்குகின்றன. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துப் போகிறார்கள் இளையவர்கள். மாடல் பழசானவுடன் விலை விழுகிறது. இரும்புக்கு அது தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே பழைய சாமான் வாங்கி விற்க லைசென்ஸ் வேண்டும். 1949-இல் போட்ட சட்டம். போலீஸ் ஸ்டேஷன் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கடையில் பலகை மாட்ட வேண்டும், விற்க வருகிறவரின் அடையாளச் சீட்டைப் பார்த்துப் பதிய வேண்டும். திருட்டுச் சாமான் புழங்காமலிருக்க வந்த ஏற்பாடு, வாங்குகிறவனுக்கு நிம்மதியாகவும் ஆகிவிட்டது. சென்னையில் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே என் அப்பா எனக்கு ஒரு ஹாக்கி மட்டை வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்து டேப்பைப் பிரித்தால் உள்ளே விரிசல். அன்று அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மலிவு என்ற சொல்லோடு ஏமாற்றம் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டே வரவேண்டியதில்லை என்பதை இந்த அட்டைகளைப் படித்துத்தான் நம்பினேன்.

நம்பிக்கை முழுதாக வந்தது ஒரு டிரைவரால். ஒகாவாமாச்சிக்குத் திரும்பி வந்த நாள், 2,900 யென் அட்டையோடு ஒரு டைட்டானியம் டிரைவர். முகத்தில் கீறல் இல்லை, உறை கூட இருந்தது. எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெரியவர் அட்டையைப் பார்த்தார், கிளப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், தலையசைத்தார். போனை எடுத்து ஏதோ பேசி என்னிடம் நீட்டினார். “இது 2008-க்கு முந்தையது. போட்டியில் ஆடக் கூடாது. நீங்கள் போட்டி ஆடுவீர்களா?” என்று திரையில் ஆங்கிலத்தில் இருந்தது. விஷயம் எனக்குத் தெரியும், சமயத்தில் மறந்துவிட்டது. டைட்டானியம் முகத்தை மெல்லியதாக்கினால் அது பந்து படும்போது உள்வாங்கித் திருப்பி உதைக்கும். பந்து கூடுதலாகப் பறக்கும். அந்த உதைப்புக்கு விதிகள் எல்லை வைத்தபோது ஜப்பானில் 2008-இலிருந்து அது எல்லாருக்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே விற்ற டிரைவர்களில் எல்லை தாண்டியவை நிறைய. பின்னால் வந்தவற்றில் எஸ்.எல்.இ. என்ற அந்த விதிக்கு உட்பட்டது என்று தலையிலேயே பொறித்திருப்பார்கள். அந்தப் பொறிப்பு இதில் இல்லை. தம்பி ஏதாவது ஒரு போட்டியில் இதை எடுத்துக்கொண்டு போய் நின்றிருந்தால், கார்டில் போட்ட எண்ணிக்கை அத்தனையும் வீண். 2,900 யென் வியாபாரத்தைத் தானே வேண்டாமென்று சொன்ன அந்தப் பெரியவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னேன். அவர் என்னைவிடத் தாழக் குனிந்தார்.

அப்புறம் துண்டுச் சீட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அடி, அங்குலத்தை அவர் சென்டிமீட்டராக்கி எழுதிக்கொண்டு, வரிசைகளுக்குள் போய் மூன்று அயர்ன் செட்டுகளோடு வந்தார்.

ஒன்று மஸில்பேக். முதுகு வழித்து, கத்தி போல மெலிந்த தலை. அதைப் போல அழகான உலோகப் பொருள் அதிகம் இல்லை. ஆனால் அதில் பந்து படவேண்டிய இடம் ஒரு சின்னக் காசு அளவு, தவறினால் கை அதிர்ந்து போகும். ஆசையாகத்தான் இருந்தது. என் கண்ணுக்கு அழகென்று வாங்கிக்கொண்டு போனால் தினமும் கஷ்டப்படப் போவது தம்பி. அதைத் தள்ளினேன். இரண்டாவது லேசானது. நிப்பான் ஷாஃப்ட்டின் 950 கம்பி, 95 கிராம் பக்கம். தம்பி அடிக்கும் வேகத்துக்கு அது துவண்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய மிசுனோ ஃபோர்ஜ்டு. முதுகில் லேசான குழி, 5 முதல் 9 வரை, கூடப் பிட்சிங் வெட்ஜ், ஆக ஆறு. 130 கிராம் பக்கம் எடையுள்ள டைனமிக் கோல்டு கம்பி, எஸ் விறைப்பு. நிலை: சி. விலை 14,800 யென்.

சி ஏன் என்று பார்க்க ஏழாம் நம்பரை ஜன்னலோரம் எடுத்துப் போனேன். முகத்தின் நடுவே, அடியிலிருந்து மூன்றாவது நான்காவது கோட்டின் மேல், பழைய நாலணா அளவில் ஒரு வட்டம் மட்டும் மங்கியிருந்தது. சுற்றிலும் குரோம் பளபளப்பு. அந்த வட்டம் ஓரத்தில் இருந்தால் முன்னவர் தடுமாறி ஆடியிருக்கிறார் என்று அர்த்தம், நடுவில் இருந்தால் தெரிந்தவர் கையில் இருந்தது. கோடுகளில் விரல் நகத்தை வைத்து இழுத்தேன், நகம் தட்டித் தட்டி நின்றது. பள்ளம் இன்னும் இருக்கிறது. கழுத்தில் கறுப்பு வளையம் அசையவில்லை. கம்பியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சுழற்றினேன், நெளிவில்லை. கிரிப் மட்டும் காய்ந்து பளபளவென்று இருந்தது. அது ரப்பர், சென்னையில் மாற்றிக்கொள்ளலாம். இதற்குத்தான் சி போட்டிருக்கிறார்கள், அதனால்தான் பாதி விலை. எந்தப் பழைய கிளப்பிலும் தேடவேண்டிய குறை இந்த மாதிரிக் குறைதான். மாற்றக்கூடிய இடத்தில் தேய்ந்திருக்க வேண்டும், மாற்ற முடியாத இடத்தில் உறுதியாக இருக்க வேண்டும்.

தலையைத் திருப்பியபோது முதுகுக் குழியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அரை விரல் நீளம், ஓரங்களைக் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டி ஒட்டிய ஈயத் தகடு. தலை கொஞ்சம் கனக்க வேண்டுமென்று முன்னவர் ஒட்டியிருக்கிறார். ஆறு கிளப்பிலும் அதே இடத்தில் அதே வளைவு. கையால் இத்தனை ஒழுங்காக வெட்டியவர் யாரோ.

கடையிலேயே வலை கட்டிய கூண்டு உண்டு, அடித்துப் பார்த்து வாங்கலாம். அடித்தேன். உள்ளங்கையில் ஒன்றும் தெரியவில்லை, காதில் மட்டும் மெத்தென்று ஒரு ஒலி. அதுதான் ஃபோர்ஜ்டு. வார்ப்புத் தலையைப் போலக் கணீரென்று சத்தம் போடாது. கார்பன் குறைந்த மெது எஃகுத் தண்டைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்குவது. மெது எஃகு என்பதால் இன்னொரு வசதி. ஆள் உயரமானால் கம்பி தரையோடு சேரும் கோணம் நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கிளப்பின் முன்மூக்கு தரையில் இடிக்கும், பந்து வலப்பக்கம் ஓடும். பெரியவர் தம்பியின் அளவைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு டிகிரி. பின்னறையில் பிடிப்பானில் தலையை மாட்டி, நீண்ட நெம்புகோலைக் கழுத்தில் கோத்து, ஒரே அழுத்து. கோணமானியில் பார்த்தார், இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கெட்டியான வார்ப்புத் தலையாக இருந்தால் முறிந்துபோகும் ஆபத்து உண்டு. இது வளைந்து, வளைந்தபடி நின்றது. ஆறும் முடிய முக்கால் மணி நேரம். யாரோ ஒரு ஜப்பானியரின் உயரத்துக்கு இருந்த கிளப்புகள் என் கண்ணெதிரே சென்னைப் பையனின் உயரத்துக்கு வந்தன.

பாஸ்போர்ட்டைக் காட்டினேன், 5,000 யென்னுக்கு மேல் என்பதால் வரி பிடிக்கவில்லை. ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே. கூட ஒரு டிரைவர், அடிப்பக்கத்தில் பொறிப்பு உள்ளது, 4,000 யென். தொட்டியிலிருந்து ஒரு வெட்ஜும் ஒரு புட்டரும்.

ஊர் திரும்ப கான்சாய் விமான நிலையத்தில் டிக்கெட். அதுவரை பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஜப்பானில் கோல்ஃப் பையைக் கூரியரில் போடுவது பால் பாக்கெட் வாங்குவது மாதிரி. கார் இல்லாத டோக்கியோக்காரர்கள் முந்தின நாளே மைதானத்துக்குப் பையை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு ரயிலேறுகிறார்கள். நானும் விமான நிலையத்துக்கு அனுப்பினேன். ஏழாம் நம்பரை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதோடு, ஜப்பானில் அயர்ன் பிறந்த வட்டாரமான ஹிமேஜி பக்கம் போக ஆசை.

புல்லட் ரயிலில் மூன்று மணி நேரம். டிக்கெட் விலை கிட்டத்தட்ட செட்டின் விலை. ஸ்டேஷன் வாசலில் நின்றால் நேர்த்தெருவின் முடிவில் வெள்ளைக் கோட்டை தெரிகிறது. கோட்டைக்கு எல்லாரும் போகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. என்னை நிறுத்தியது வேறு. மியோச்சின் குடும்பம் என்று அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் போர்க்கவசம் அடித்தவர்கள். சாமுராய் காலம் முடிந்தபின் கவசம் கேட்க ஆளில்லை. கணப்பில் கரி நகர்த்தும் இரும்புக் குச்சிகள் அடித்தார்கள். கணப்பும் போனது. இப்போது அதே குச்சிகளை நூலில் தொங்கவிட்டுக் காற்றில் ஒலிக்கும் மணியாக விற்கிறார்கள். கடையில் ஒன்றைத் தட்டிவிட்டேன். ஒலி எழுந்து, மெலிந்து, போய்விட்டது என்று நினைத்த பிறகும் இருந்தது.

ஹிமேஜியிலிருந்து பான்தான் பாதையில் இரண்டு பெட்டி ரயில். நாட்டார் வழக்காற்று அறிஞர் யானாகிதா குனியோ பிறந்த ஃபுகுசாகி வழியில் வருகிறது. அதற்கடுத்து இச்சிகாவா. வயல், சின்ன மலை, ஆறு. 1930-ஐ ஒட்டி இந்த வட்டாரக் கொல்லர்கள்தான் ஜப்பானின் முதல் கோல்ஃப் அயர்ன்களை அடித்தார்கள். உள்நாட்டு அயர்ன் பிறந்த ஊர் என்று இச்சிகாவா தன்னைச் சொல்லிக்கொள்கிறது. உலகில் பேர்பெற்ற மியுராவின் பட்டறை இங்கேதான். அத்தனை பேர் கேள்விப்பட்ட ஊரில் மத்தியானம் தெருவில் ஆளில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே தகரக் கொட்டகைகள், அவற்றிலிருந்து பட்டை தீட்டும் ரீங்காரம்.

ஒரு கொட்டகையின் கதவு திறந்திருந்தது. தீப்பொறி வரிசையாகத் தரையில் கொட்டிக்கொண்டிருக்க, முதியவர் ஒருவர் சுழலும் மணற்பட்டையில் அயர்ன் தலை ஒன்றைச் சாய்த்துச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அளவுகோல் எதுவும் அருகில் இல்லை. மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை கட்டைவிரலை அடிப்பாகத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டார். என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார். பேச மொழியில்லை. செய்தித்தாளைப் பிரித்து ஏழாம் நம்பரை நீட்டினேன். வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவினார். “ஹிரோஷிமா” என்றார். மிசுனோவின் இரும்பு அங்கே அடிப்பது. தொட்டே சொன்னார். பிறகு திருப்பி ஈயப் பட்டையைப் பார்த்தார், அதன் வளைவை நகத்தால் ஒருமுறை பின்தொடர்ந்தார், சிரித்தார். பழந்துணியில் எண்ணெய் தொட்டு முழுக் கம்பியையும் துடைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். நானும் இரண்டு கையால் வாங்கினேன். அவ்வளவுதான் நடந்தது. அரை மணி நேரம் கழித்து ரயில்.

ஊர் திரும்பிய அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பையை மரத்தடியில் சாய்த்து வைத்தேன். தம்பி பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “ஒண்ணுதானே சார் கேட்டேன்” என்றான். அடிப்பாகத்தில் ஒட்டுப் பட்டை ஒன்றை ஒட்டி, பிளாஸ்டிக் பலகை மேல் பந்தை வைத்து ஏழாம் நம்பரால் அடிக்கச் சொன்னேன். கிளப் பலகையில் உரசும் இடத்தில் கறை விழும். முன்மூக்குப் பக்கம் விழுந்தால் இன்னும் நிமிர்த்த வேண்டும். மூன்று முறை அடித்தான். கறை மூன்று முறையும் நடுவில்.

பட்டையை உரித்தபோது பின்பக்கத்து ஈயத் தகடு அவன் கண்ணில் பட்டது. “இது என்னாது சார், எடுத்துடவா?”

முன்னாடி வைத்திருந்தவர் ஒட்டியது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றேன். கிளப்பைக் கையில் இரண்டு முறை அசைத்து எடை பார்த்தான். பிறகு ஓரம் லேசாகத் தூக்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினான்.

“இருக்கட்டும் சார்” என்று அடுத்த பந்தை வைத்தான்.